கல்லின் உண்மை நிறம்: குறைந்த செலவில் ஒரு பிளாஷ் வாங்குவது எப்படி?

2020 மார்ச் மாதம் கட்டுநாயக்க விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டபோது எங்கள் வியாபாரமும் அதனோடு சேர்ந்து மூடிக்கொண்டது. பேருவளை சீனன்கோட்டையில் பரம்பரையாக இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கல்லைக் கையில் எடுத்து, இடுக்கியில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பின்னரே விலை பேசுவார்கள். அவர்களால் வர முடியாமல் போனதும், கல்லுக்குப் பதிலாகக் கல்லின் படம்தான் பயணம் போக வேண்டியதாயிற்று. வாப்பாவுக்கு எழுபது வயது. படம் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

2021 இல் நாலு கரட் நிறையுள்ள ஒரு நீலக்கல்லைப் படம் பார்த்தே ஒருவர் வாங்கினார். பதினொரு வருடங்களாக வாப்பாவிடம் கல் எடுத்தவர். கல் போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. "படத்தில் இருப்பது வேறு கல், என் கையில் இருப்பது வேறு கல்" என்று மட்டும் எழுதியிருந்தார். அனுப்பிய செலவும் காப்புறுதியும் ஒரு புறம் இருக்கட்டும். அதன் பிறகு அவர் எங்கள் அழைப்புக்குப் பதில் தரவில்லை.

நான் ஏமாற்ற நினைக்கவில்லை. கடையின் கூரையில் இருந்த எல்இடி பல்பின் வெளிச்சத்தில், கமெராவைத் தானியங்கி நிலையில் வைத்து எடுத்த படம் அது. படத்தில் கல் கடும் நீலமாகத் தெரிந்தது. கையில் வைத்துப் பார்த்தால் சற்று வெளிறிய, ஊதா கலந்த நீலம். வாப்பா திரும்பி வந்த கல்லையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "கல்லில் குறை இல்லை மகன், நீ பிடித்த வெளிச்சத்தில்தான் குறை."

அந்தக் குறையைத் தீர்க்க நான் வாங்கிய பொருட்களும், வாங்கித் தவறியவைகளும், கடைசியில் சரிவந்ததும்தான் இக்கட்டுரையின் விடயம். இரத்தினக்கல் வியாபாரிகளுக்கு மட்டுமன்றி, நகை, மணி, கைக்கடிகாரம் போன்ற சிறிய பொருட்களைப் படம் பிடித்து விற்கும் எவருக்கும் இது பயன்படும் என நினைக்கிறேன்.

வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம்?

வாப்பாவின் தலைமுறையினர் கல்லைக் காலை வெளிச்சத்தில், வாசற்படியில் அமர்ந்து, வெள்ளைத்தாள் ஒன்றில் வைத்துப் பார்ப்பார்கள். பல்பு வெளிச்சத்தில் கல் வாங்கக்கூடாது என்பது சிறு வயதிலேயே எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். மஞ்சள் பல்பின் கீழ் மாணிக்கம் அழகாகும், நீலம் மங்கும். சில எல்இடி பல்புகளின் கீழ் நீலம் இல்லாத அழகெல்லாம் பெறும்.

அப்படியானால் காலை வெளிச்சத்திலேயே படம் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் முயன்று பார்த்தேன். வெயில் ஏறும்போதும் மேகம் மூடும்போதும் வெளிச்சத்தின் நிறம் மாறுகிறது. தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் நாள் முழுவதும் வானம் கறுத்திருக்கும். காலையில் எடுத்த படமும் பிற்பகலில் எடுத்த படமும் ஒரே கல்லை இரண்டு கல்லாகக் காட்டின.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிகக் கிட்டச் சென்று எடுக்கும் மெக்ரோ படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் அளவுதான். கல்லின் மேற்பரப்பும் விளிம்பும் ஒன்றாகத் தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்க வேண்டும். அதற்கு மேல் சுருக்கினால் படம் மீண்டும் மழுங்கும். துவாரத்தைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது. வெளிச்சம் போதாவிட்டால் நேரத்தைக் கூட்ட வேண்டும். நேரத்தைக் கூட்டினால், தெருவில் ஒரு பஸ் போனாலே மேசை அதிர்ந்து படம் கலங்கும்.

இவை அனைத்துக்கும் பிளாஷ் ஒரே பதிலாக அமைகிறது. அதன் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சத்தை ஒத்தது. இரவு பத்து மணிக்கும் அதே நிறம், மழை நாளிலும் அதே நிறம். குறைந்த வலுவில் அது ஆயிரத்தில் ஒரு செக்கனையும் விடக் குறைவான நேரமே எரிவதால் அதிர்வும் படத்தில் பதியாது. வாப்பாவின் வாசற்படிக் காலை வெளிச்சத்தை ஒரு சிறிய பெட்டியில் அடைத்து வைத்துக்கொள்வது போன்றது இது.

ஆனால் அந்தப் பிளாஷ் கமெராவின் தலையில் இருக்கக்கூடாது. அங்கிருந்து நேராக அடித்தால் கல்லின் மேல்முகம் கண்ணாடி போல அதைத் திருப்பி லென்ஸுக்குள்ளேயே அனுப்பும். படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சும். பிளாஷைக் கமெராவிலிருந்து பிரித்து, பக்கத்திலோ மேலேயோ வைக்க வேண்டும்.

நான் செய்த இரண்டு தவறுகள்

முதலாவது, வளையப் பிளாஷ். மெக்ரோ படத்துக்கு என்று கேட்டால் கடைக்காரர் முதலில் காட்டுவது லென்ஸின் முனையைச் சுற்றிப் பூட்டும் வளைய வடிவப் பிளாஷைத்தான். பல் வைத்தியர்களுக்கு அது மிக நல்லது, ஏனெனில் வாய்க்குள் நிழல் விழாமல் எடுக்கலாம். நான் விசாரிக்காமல் வாங்கினேன். கல்லின் மேல்முகத்தில் ஒரு வெள்ளை வளையம் அப்படியே பதிந்தது. பட்டை தீட்டாத வழுவழுப்பான வைடூரியத்தில் அது இன்னும் மோசம், பூனையின் கண்ணுக்கு மேலே இன்னொரு கண் வரைந்தது போலிருந்தது. வளையத்தைக் கழற்றித் தள்ளி வைக்கவும் வசதியில்லை. தவறு பிளாஷில் இல்லை, என் தேவைக்கு அது பொருந்தவில்லை. வாங்கிய விலையில் பாதிக்கு அதை விற்றேன்.

இரண்டாவது, பழைய பிளாஷ். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் மச்சான் ஒருவர் பிலிம் காலத்துப் பிளாஷ் ஒன்றை இலவசமாகத் தந்தார். நல்லகாலம், கமெராவில் பூட்டுமுன் பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் மல்டிமீற்றரை வைத்து, அடியிலுள்ள நடு முனைக்கும் ஓரத் தகட்டுக்கும் இடையில் அளந்தார். 180 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிலிம் கமெராக்களில் இது பிரச்சினையில்லை. ஆனால் டிஜிட்டல் கமெராக்களில் சில 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. இலவசமாகக் கிடைத்த பிளாஷ் ஒன்றரை இலட்சம் ரூபா கமெராவைக் காவு கொண்டிருக்கும். பாவித்த பழைய பிளாஷ் வாங்க எண்ணுபவர்கள் இந்த அளவைப் பார்க்காமல் கமெராவில் பூட்டவே கூடாது.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குத் தேவையில்லை?

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நான் மூன்றாவது பிளாஷைத் தேடிக்கொண்டிருந்தேன். எனவே ஒவ்வொரு வசதியையும் "இது எனக்கு வேண்டுமா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அது நல்லதாகவே முடிந்தது.

முதலில் வலு. பிளாஷின் பெட்டியில் வழிகாட்டி எண் என்று ஒன்று போட்டிருக்கும். அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸின் துவார அளவு வரும். எண் 30 என்றும், கல்லிலிருந்து பிளாஷ் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 30 ஐ 0.3 ஆல் வகுத்தால் எஃப் 100 வரும். எங்களுக்குத் தேவை எஃப் 11 அல்லது 16 மட்டுமே. முன்னால் வெள்ளைத்தாள் மறைத்து, கிட்டச் செல்வதால் லென்ஸில் இழக்கும் வெளிச்சத்தையும் கழித்தால்கூட முழு வலுவில் கால் பங்கு, எட்டில் ஒரு பங்கு போதும். மேலும், பெட்டிகளில் 58, 60 என்று பெரிதாகப் போட்டிருப்பது பிளாஷின் தலையை மிக ஒடுக்கி, ஒளியை ஒரு கற்றையாக்கி அளந்த எண். மண்டபத்தின் கடைசி வரிசையைப் படம் எடுப்பவருக்கு அது தேவை. ஒரு சாண் தூரத்திலுள்ள கல்லுக்குத் தேவையில்லை.

இரண்டாவது, டிடிஎல் என்ற தானியங்கி வசதி. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கமெராவே கணித்துப் பிளாஷுக்குச் சொல்லும் முறை இது. விலை கூடுவதற்கு முக்கிய காரணமும் இதுவே. ஓடியாடும் பிள்ளைகளையும் கலியாண வீட்டையும் எடுப்பவருக்கு மிக உதவியானது. எங்களுக்கோ இதுவே எதிரி. வெள்ளைத்தாளில் ஒரு கறுத்த நீலக்கல் வைத்தால் ஒரு மாதிரியும், வெளிறிய புஷ்பராகம் வைத்தால் வேறு மாதிரியும் கமெரா கணிக்கும். கறுத்த கல் வெளிறியும் வெளிறிய கல் கறுத்தும் படத்தில் வரும். வாங்குபவரை ஏமாற்ற இதைவிட வேறு வழி வேண்டாம். வலுவைக் கையால் எட்டில் ஒன்று என்று ஒரு முறை வைத்துவிட்டால், பத்துக் கல்லுக்கும் ஒரே வெளிச்சம். அப்போதுதான் ஒரு கல்லை மற்றக் கல்லோடு ஒப்பிட முடியும்.

ஆக, கையால் வலுவை மாற்றக்கூடிய, முழு வலுவிலிருந்து 128 இல் ஒரு பங்கு வரை இறக்கக்கூடிய, தானியங்கி இல்லாத எளிய பிளாஷ்தான் நமக்கு ஏற்றது. கோடொக்ஸ் டிடி600, யொங்னுவோ வைஎன்560 நான்காம் பதிப்பு ஆகிய இரண்டும் இந்த வகையில் பரவலாகப் பாவிக்கப்படுபவை. இரண்டிலும் ரேடியோ வாங்கி உள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டில் அறுபது, எழுபது டொலர் அளவில் விற்கப்பட்டவை. பெரிய கமெரா கம்பனிகளின் சொந்தப் பிளாஷ் ஒன்றின் விலையில் இப்படி நாலைந்து வாங்கலாம். நான் வாங்கியது டிடி600. நாலு பென்டோர்ச் பற்றரியில் இயங்குகிறது. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பற்றரி இரண்டு தொகுதி வாங்கிக்கொள்வது நீண்டகாலத்தில் இலாபம்.

கமெராவும் பிளாஷும் பேசிக்கொள்வது எப்படி?

பிரித்து வைத்த பிளாஷ், கமெரா அழுத்தும் அதே கணத்தில் எரிய வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, கம்பி. ஆக மலிவு. ஒரு மேசைக்குள் முடியும் வேலைக்குக் கம்பியே போதும். கால் தட்டுப்பட்டுப் பிளாஷ் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இரண்டு, ஒளியால் இயக்குவது. கமெராவில் மடிந்திருக்கும் சிறிய பிளாஷ் எரிவதைக் கண்டு பெரிய பிளாஷ் தானும் எரியும். டிடி600 இல் இது எஸ்1, எஸ்2 என்று இரு நிலைகளில் உள்ளது. சிறிய பிளாஷ் கையால் இயங்கும் நிலையில் இருந்தால் எஸ்1. முன்கூட்டி ஒரு மின்னல் அடித்துப் பார்க்கும் தானியங்கி நிலையில் இருந்தால் எஸ்2. கமெராவில் சிறிய பிளாஷ் இருந்தால் இதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவில்லை. அதன் ஒளி கல்லில் நேராக விழாமல் முன்னால் ஒரு மட்டையைச் சாய்த்து வைக்க வேண்டும். முதல் ஆறு மாதம் நான் இப்படித்தான் எடுத்தேன்.

மூன்று, ரேடியோ. கமெராவின் தலையில் பூட்டும் சிறு கருவி ஒன்றை வேறாக வாங்க வேண்டும். சில வேளைகளில் அதன் விலை பிளாஷின் விலையை நெருங்கிவிடும். புதிய கமெராக்கள் பலவற்றில் சிறிய பிளாஷ் இல்லாததால், அவர்களுக்குக் கம்பி அல்லது ரேடியோ மட்டுமே வழி. பிளாஷ் வாங்கப் போகும்போது இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஐஸ்கிறீம் டப்பாவும் ட்ரேசிங் பேப்பரும்

பிளாஷை வாங்கியதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். அதன் தலை கல்லைவிடப் பெரிதாக இருந்தாலும், வெளிச்சம் இன்னும் பரந்து, மென்மையாக விழ வேண்டும். பிளாஷுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு ட்ரேசிங் பேப்பரைக் கல்லுக்குக் கிட்ட நிறுத்தினால் போதும். நான் வெள்ளை ஐஸ்கிறீம் டப்பா ஒன்றின் அடியை வெட்டி, கல்லின் மேல் கவிழ்த்து, வெட்டிய வழியாக லென்ஸை விடுகிறேன். பக்கத்திலிருந்து பிளாஷ் அடிக்கும்போது டப்பா முழுவதும் விளக்காகிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். வெள்ளை என்று நாம் நினைக்கும் பிளாஸ்டிக் சில வேளைகளில் மஞ்சள் தட்டியிருக்கும். அதனால் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்த பிறகு, கல் இருக்குமிடத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து அதே பிளாஷில் ஒரு படம் எடுங்கள். அதைக் கொண்டு கமெராவின் வெள்ளைச் சமநிலையைப் பதிந்துகொள்ளுங்கள். தானியங்கி நிலையில் ஒருபோதும் விட வேண்டாம். என் நீலக்கல்லைத் திருப்பி அனுப்ப வைத்தது அந்தத் தானியங்கிதான்.

இரண்டாவது, எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தால் பட்டை தீட்டிய கல் உயிரற்றுப் போகும். பட்டைகள் மின்ன வேண்டுமானால் அவற்றில் வெளிச்சமும் இருளும் மாறி மாறித் தெரிய வேண்டும். டப்பாவின் ஒரு பக்கத்தில் கறுப்புக் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

எல்லாம் சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கமெராவை ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 160 இல் ஒரு செக்கன் என்று வைத்து, பிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். படம் முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால் கடையின் பல்பு கல்லின் நிறத்தில் கைவைக்கவில்லை, பிளாஷ் மட்டுமே பேசுகிறது என்று பொருள்.

கல்லுக்குக் கல் வேறு வெளிச்சம்

பிரித்து வைத்த ஒரு பிளாஷ் ஏன் வளையப் பிளாஷைவிட நமக்குப் பொருத்தம் என்பதை வைடூரியமே எனக்குக் கற்றுத்தந்தது. வைடூரியத்தின் கண்ணும், நட்சத்திரக் கல்லின் ஆறு கதிர்களும் மென்மையான வெளிச்சத்தில் மறைந்துவிடும். ஒரே புள்ளியிலிருந்து வரும் கூர்மையான வெளிச்சம் வேண்டும். டப்பாவை எடுத்துவிட்டு, பிளாஷின் தலையில் கறுப்புக் கடதாசியைக் குழல்போலச் சுற்றி, கல்லுக்கு நேர் மேலே பிடித்தால் கண் நடுவில் வந்து நிற்கும். பிளாஷைச் சற்று நகர்த்தினால் கண்ணும் நகரும். பக்கத்திலிருந்து அடித்தால் கண்ணின் ஒரு புறம் பால் போலவும் மறு புறம் தேன் போலவும் தெரிவதையும் பதியலாம்.

அலெக்ஸாண்ட்ரைட்டுக்கு ஒரு படம் போதாது. பகல் வெளிச்சத்தில் பச்சையாகவும், பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் சிவப்பாகவும் மாறுவதுதான் அதன் விலையே. பிளாஷில் ஒன்று, பல்பில் ஒன்று என இரண்டு படம் எடுத்து, எது எந்த வெளிச்சம் என்று கீழே எழுதிவிடுங்கள்.

கல்லுக்குள் இருக்கும் பட்டு இழைகளும் கீறல்களும் தாழ்வான பக்க வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். விற்பவர் அவற்றை மறைக்கும் கோணத்தையே தேடுவார். நான் இப்போது அவை தெரியும்படியும் ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன். பொருளின் குறையைச் சொல்லி விற்பது நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு. அதில் வியாபார இலாபமும் உண்டு என்பதை அனுபவத்தில் கண்டேன். அப்படி அனுப்பிய கற்களில் ஒன்றும் இதுவரை திரும்பி வரவில்லை.

யாருக்குப் பிளாஷ் தேவையில்லை?

கைத்தொலைபேசியில் மட்டும் படம் எடுப்பவர்கள் இந்தப் பிளாஷை வாங்க வேண்டாம். தொலைபேசிகள் பொதுவாக இதனோடு இணைந்து இயங்குவதில்லை. அவர்களுக்குச் சிஆர்ஐ 95 அல்லது அதற்கு மேல் என்று குறிப்பிடப்பட்ட எல்இடி விளக்கே ஏற்றது. அந்த எண் நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான அளவு, 100 தான் முழுப் புள்ளி. வீடியோவுக்கும் பிளாஷ் உதவாது. விரலிடையில் திருப்பிக் காட்டும் வீடியோவை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அதை நான் இன்றும் வாப்பாவின் வாசற்படியில், காலை வெளிச்சத்தில்தான் எடுக்கிறேன்.

வாங்கும் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கையால் இயக்கும் எளிய பிளாஷ் ஒன்று. அடுத்து உங்கள் கமெராவுக்கேற்ற கம்பி அல்லது ரேடியோ. பின்னர் இரண்டு தொகுதி பற்றரி, சாம்பல் அட்டை, ட்ரேசிங் பேப்பர். மீதிப் பணம் இருந்தால் வலுக்கூடிய பிளாஷுக்குப் போகாமல், அதே பிளாஷில் இன்னொன்று வாங்குங்கள். இரு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் பிடிக்கலாம்.

திரும்பி வந்த அந்த நீலக்கல்லைப் பிளாஷில் மறுபடி படம் எடுத்தேன். வெளிறிய, ஊதா கலந்த நீலம் அப்படியே வந்தது. முன்பு பேசிய விலையிலிருந்து நன்றாகக் குறைத்தே விற்க வேண்டியிருந்தது. வாங்கியவர் கல்லைப் பெற்றுக்கொண்டு, "படத்தில் கண்டது போலவே இருக்கிறது" என்று எழுதினார். அதன் பிறகு எங்களிடம் மூன்று கற்கள் எடுத்திருக்கிறார்.

பதினொரு வருடத்து வாடிக்கையாளர் மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. புதிதாகக் கல் வரும்போதெல்லாம் அவருக்கும் ஒரு படம் அனுப்பச் சொல்கிறார் வாப்பா. நானும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.